உஷார்! கன்னம் உப்பியிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்!

கொழுகொழுவென்று ஒரு குழந்தையைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காது. கன்னத்தைக் கிள்ளுவோம். கண் பட்டுவிடும், சுற்றிப் போடு என்று தாயிடம் சொல்லிவிட்டு வருவோம்.

கொஞ்சம் பொறுங்கள்!

மலாவியிலோ மொசாம்பிக்கிலோ காங்கோவிலோ ஒரு கிராமத்தில் அப்படியொரு குழந்தையைப் பார்த்தீர்களானால், கன்னத்தை விடுங்கள். காலைப் பாருங்கள். இரண்டு பாதத்தின் மேல்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி மெல்ல அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நிற்கிறதா? இரண்டு காலிலும் நிற்கிறதா?

அது சதை இல்லை. தண்ணீர்!

அந்தப் பிள்ளைக்கு உடம்பில் நீர் கோத்திருக்கிறது. இன்றே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் நாளை என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலைக்கென்று, வியாபாரத்துக்கென்று, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தர என்று ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். போகாதவர்களும் படியுங்கள். "அங்கே சோறு இல்லை, அதனால் பிள்ளைகள் மெலிந்து சாகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம் பாருங்கள், அந்த நினைப்பே ஆபத்தானது. மூன்று வேளையும் வயிறு முட்டக் கஞ்சி குடித்த பிள்ளைகள் சாகிறார்கள். தெரியுமா உங்களுக்கு?

தெற்கு மலாவியில் மிஷன் மருத்துவமனை ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்த நம்ம ஊர் நர்ஸ் ஒருவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

அந்தத் தாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மூத்தது பெண், நாலு வயது. அடுத்தவன் ஒன்றரை வயதைத் தாண்டியவன். மூன்றாவது வயிற்றில். உண்டாகியிருக்கிறோம் என்று தெரிந்த அன்றைக்கே பையனுக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டாள். கர்ப்பிணியின் பால் கெட்ட பால், குடிக்கிற பிள்ளைக்கு நோவு வரும் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். பையன் அழுது அரற்றினான். அம்மாவைப் பார்த்தால் பாலை மறக்க மாட்டான் என்று அக்காவோடு சேர்த்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பாட்டி குறை வைக்கவில்லை. காலையில் வெள்ளை மக்காச்சோள மாவில் கஞ்சி. மதியமும் அதே மாவு, கெட்டியாகக் கிளறி 'ந்சிமா' என்ற களியாக. ராத்திரி மறுபடி களி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கீரைச்சாறு. நடுவில் சர்க்கரை போட்ட பாலில்லாத் தேநீர். பிள்ளை வயிறு காயவே இல்லை.

இரண்டு மாதத்தில் கன்னம் உப்பியது. பாட்டி கை சாப்பாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது என்றார்கள் அக்கம்பக்கத்தில். பாட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. அவன் ஓடுவதை நிறுத்திவிட்டான். உட்கார்த்திவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழுகைகூடக் குறைந்துவிட்டது. சமர்த்துப் பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டு!

பிறகு பாதம் வீங்கியது. சுருட்டை முடி நேராகி, செம்பட்டை பாய்ந்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்தது. தொடையில் தோல் கறுத்து, பழைய சுவரில் பெயிண்ட் உரிவதுபோல் உரிந்தது.

அப்போதாவது தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. பயம். 'செம்ப்போ' என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை பெற்ற பிறகு கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டிய காலத்தில் விலகியிருக்கவில்லை, அல்லது இருவரில் ஒருவர் வழி தவறிவிட்டார், அந்தத் தோஷம்தான் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்பார்கள். வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவது, தன் படுக்கையறைக் கதையை ஊருக்குச் சொல்வது மாதிரி ஆகிவிடும் அந்தப் பெண்ணுக்கு. நாட்டு வைத்தியரிடம் போனார்கள். வேர் கட்டினார்கள். இரண்டு வாரம் போய்விட்டது.

மருத்துவமனைக்கு வந்தபோது இரவு. ஜனவரி மழை. சைக்கிள் டாக்சியின் பின்னால் உட்கார்ந்த தாய், ஈரத்துணியில் சுற்றிய பிள்ளை. உடம்பு சில்லிட்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டம். "ஊசி போட்டப்போகூட அவன் அழலக்கா. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்" என்றார் அந்த நர்ஸ். விடிவதற்குள் போய்விட்டான்.

அந்த நாலு வயது அக்கா? அதே வீடு, அதே பானை, அதே மாவு. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

இந்த நோய் உங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன குவாஷியோர்கர்தான் இது. 1930-களில் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். அடுத்த பிள்ளை வந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, மக்காச்சோளக் கஞ்சியிலேயே வளரும் சவலைப் பிள்ளைகளுக்கு இது வருவதை அவர் கண்டார். பெரிய பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. இது புது நோயில்லை, ஏற்கெனவே தெரிந்த பெலாக்ரா என்ற நோய்தான் என்று தள்ளினார்கள். அவர் விடவில்லை. 1935-ல் லான்செட் இதழில் மறுபடி எழுதினார். அங்கே கா மொழி பேசும் தாய்மார் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே மருத்துவத்துக்கும் கொடுத்தார். தாய்மாருக்குத் தெரிந்திருந்தது, டாக்டர்களுக்குத்தான் தெரியவில்லை!

எலும்பும் தோலுமாய், கிழவர் முகமாய் வற்றிப்போவது சத்துக்குறைவில் இன்னொரு வகை, மராஸ்மஸ். அதைப் பார்த்தால் யாருக்கும் பதறும். பத்திரிகையில் படமும் வரும். எனக்கு அதைவிட அதிகப் பயம் கண்ணை ஏமாற்றுகிற வகைகளிடம்தான். வீங்குவது ஒன்று. வளராமலே நின்றுபோவது இன்னொன்று. மலாவியில் 2015-16 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 37 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லை. புருண்டியில் 2016-17-ல் 56 சதவீதம்! ஊரில் பாதிக்கு மேல் பிள்ளைகள் குள்ளம் என்றால், குள்ளம்தான் சரியான உயரம் என்று தாய்க்கும் தோன்றிவிடும். யார் போய் டாக்டரிடம் காட்டுவார்கள்?

சரி, ஏன் இப்படி ஆகிறது? காரணம் ஒன்றிரண்டல்ல. ஒவ்வொன்றும் நல்ல பிள்ளை மாதிரி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கஞ்சி. கஞ்சியை நம்பாதீர்கள்!

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர்தான் கொள்ளும். அந்த ஒரு டம்ளரில் என்ன போகிறது என்பதுதான் பிள்ளையின் விதி. தண்ணீராகக் காய்ச்சிய மாவுக்கஞ்சி போனால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. கெட்டியாகக் காய்ச்சினால் பிள்ளை விழுங்கத் திணறுகிறது, விறகும் செலவு, மாவும் செலவு. தாய் நீர்க்க விடுகிறாள். மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோபேன் என்ற இரண்டு புரதக் கூறுகள் குறைவு. போதாததற்கு, மாவு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால்தான் கௌரவம் என்று தவிட்டையும் முளைப்பகுதியையும் இடித்துப் புடைத்து நீக்கிவிடுகிறார்கள். தவிடு கோழிக்குப் போகிறது. பஞ்ச காலத்தில் மட்டும் அதே தவிட்டை மனிதர் தின்கிறார்கள், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு.

மக்காச்சோளத்தோடு ஒரு பிடி நிலக்கடலை சேர்கிறதா இல்லையா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். 1990-ல் மலாவியில் இருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு நிவாரணத்தில் வந்துகொண்டிருந்த நிலக்கடலை நின்றுபோனது. மக்காச்சோளம் வந்தது, பசி இல்லை. ஆனால் 18,000-க்கும் மேற்பட்டோருக்குப் பெலாக்ரா வந்தது! தோல் வெடித்து, வயிற்றாலே போய், புத்தி தடுமாறும் நோய். ஒரு கடலை நின்றதற்கு.

சின்னக் குழந்தைக்குக் கடலையை அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். மலாவி ஏரியில் பிடித்துக் காயவைத்த 'உசிபா' என்ற பொடிமீனை இடித்துத் தூவலாம். ஒரு கரண்டி எண்ணெய் விடலாம். முட்டை? வீட்டில் கோழி இருக்கும், முட்டையும் இருக்கும். விற்றுவிடுவார்கள். சில பகுதிகளில் முட்டை தின்று பழகிய பிள்ளை திருடனாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். சிரிக்காதீர்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் எதையெல்லாம் தொடாதே என்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

எல்லோருக்கும் ஒரே தட்டு என்ற வழக்கமும் இருக்கிறது. அண்ணன்மார் கை வேகமாகப் போகும். ஒன்றரை வயதுக் கை நாலு வாய் எடுப்பதற்குள் தட்டு காலி. பிள்ளை சாப்பிட உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு சாப்பிட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. தனிக் கிண்ணம், பக்கத்தில் ஒரு பெரியவர். இதுகூட உயிர் காக்கும்.

அடுத்தது தண்ணீர். பிறந்து ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம்!

வெயிலில் பிள்ளைக்குத் தாகம் எடுக்குமே என்ற பரிவில் மேற்கு ஆப்பிரிக்காவில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவது சகஜம். எத்தியோப்பியாவின் சில பகுதிகளில் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிடுகிறார்கள். தண்ணீரோடு கிருமி போகிறது. சின்ன வயிற்றில் பாலுக்கு இடமில்லாமல் போகிறது. குடிக்கிற பால் குறைய, சுரப்பதும் குறைகிறது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை இளைக்கிறது, இளைத்த பிள்ளைக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. நடுவே மலேரியா, தட்டம்மை. ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறக்கிவிட்டுப் போகும்.

தாயே குழந்தையாக இருந்தால்? நைஜரில் நாலு பெண்களில் மூன்று பேருக்குப் பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் ஆகிவிடுகிறது. தன் உடம்பே இன்னும் வளர்ந்து முடியாத பெண், எடை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். அடுத்த வருஷம் இன்னொன்று. இதைக் கஞ்சியை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் என்னை நிஜமாகவே நடுங்கவைத்தது.

மாவிலேயே விஷம்!

சரியாகக் காயாத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஒரு பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். வேகவைத்தாலும் முழுக்கப் போகாது, நாக்கிலும் தெரியாது. 2004-ல் கிழக்குக் கென்யாவில் இந்த நஞ்சேறிய மக்காச்சோளத்தைத் தின்று 317 பேர் விழுந்தார்கள், 125 பேர் இறந்தார்கள். அது ஒரேயடியாக ஏறியபோது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால்? பெனினிலும் டோகோவிலும் சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து 2002-ல் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் ரத்தத்திலும் இந்த நஞ்சின் தடயம்! எந்தப் பிள்ளைக்கு அது அதிகமோ, அந்தப் பிள்ளை உயரத்திலும் எடையிலும் பின்தங்கியிருந்தது. தாய்ப்பாலை மறந்து மக்காச்சோளத்துக்கு மாறிய பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

நல்ல மணியை விற்றுவிட்டு, சுருங்கியதையும் உடைந்ததையும் வீட்டுக்கு வைத்துக்கொள்வது ஏழை விவசாயி வீட்டில் எங்கும் நடப்பது. பூசணம் தேடிப்போவதும் அந்த உடைந்த மணியைத்தான்.

மரவள்ளிக்கும் இப்படியொரு முகம் உண்டு. கசப்பு மரவள்ளியில் சயனைடு இருக்கிறது. நாள்கணக்கில் ஊறவைத்து, புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டால் போய்விடும். பஞ்சத்தில் அதற்கு யாருக்குப் பொறுமை? 1981-ல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் கடும் வறட்சி. அவசர அவசரமாகப் பதப்படுத்திய மரவள்ளியைத் தின்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் விளங்காமல் போனது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அங்கே அப்போது டாக்டராக இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் புள்ளிவிவரப் பேச்சுகளால் உலகப் புகழ்பெற்ற ஹான்ஸ் ரோஸ்லிங். கோன்சோ என்ற அந்த முடக்கம் ஒரு முறை வந்தால் திரும்பாது. மீனோ பருப்போ கூடச் சாப்பிட்டிருந்தால் உடம்பே அந்தச் சயனைடை வெளியேற்றிவிடும். வெறும் மரவள்ளி மட்டும் என்னும்போதுதான் கால் போகிறது.

அப்புறம் முற்றம். கோழியும் ஆடும் மேய்கிற அதே மண்ணில்தான் பிள்ளை தவழ்கிறது. கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயது. ஜிம்பாப்வே கிராமங்களில் ஆராய்ச்சியாளர்கள் கூடவே உட்கார்ந்து பார்த்தபோது, பிள்ளைகள் மண்ணையும் கோழி எச்சத்தையும் எடுத்து வாயில் போட்டார்கள். காய்ச்சலும் இருக்காது, வயிற்றுப்போக்கும் இருக்காது. ஆனால் குடலின் உள்சுவர் மெல்ல மெல்லப் புண்ணாகி, தின்றது உடம்பில் சேராமல் போகும்.

அப்படியானால் கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டால் போதுமா? எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஜிம்பாப்வேயின் இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் ஷைன் என்ற பெரிய சோதனை நடத்திப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. கழிப்பறையும் கைகழுவ ஏற்பாடும் மட்டும் செய்து கொடுத்ததில் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை! உணவூட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்து, தினம் 20 கிராம் சத்துப் பசையும் கொடுத்த வீடுகளில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 35 சதவீதத்திலிருந்து 27 ஆகக் குறைந்தார்கள். அப்போதும் 27! அத்தனை செய்தும் நாலில் ஒன்றுக்கு மேல். கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆடு கோழியோடு புழங்கும் மண்தரையில் அது மட்டும் போதவில்லை என்கிறார்கள்.

காலண்டரைப் பாருங்கள்!

மலாவியில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசி மாதங்கள். போன வருஷ மக்காச்சோளம் தீர்ந்துவிடும், புதுசு ஏப்ரலில்தான். மழையும் அப்போதுதான், மலேரியாவும் அப்போதுதான், வயலில் களையெடுப்பும் அப்போதுதான். மாவு வாங்கக் காசு வேண்டுமே! 'கன்யு' என்ற கூலிவேலைக்குப் போகிறார்கள், இன்னொருவர் வயலில் களையெடுக்க. தன் வயலில் களை மண்டுகிறது. விளைச்சல் குறைகிறது. அடுத்த வருஷம் பசி இன்னும் சீக்கிரம் வருகிறது. பிள்ளையோ ஏழு வயது அக்காவின் இடுப்பில். காலையில் காய்ச்சிய கஞ்சி சாயங்காலம் வரை மூடி வைத்திருக்கும். அந்தப் புழுக்கத்தில் அதில் என்னென்ன பெருகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல், அடுத்த வருஷமே எல் நினோ வறட்சி. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற வீடு எத்தனை அடி தாங்கும்?

நைஜரில் இந்தப் பசி மாதங்கள் ஜூன் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை. அங்கே மராடி என்றொரு பகுதி. நாட்டுக்கே கம்பு விளைவிக்கும் சீமை. சத்துக்குறைந்த பிள்ளைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான்! 2005-ல் விளைச்சல் ஒரேயடியாகப் பொய்த்துவிடவில்லை. சந்தையில் தானியம் இருந்தது, விலைதான் எட்டவில்லை. அறுவடையில் கடனுக்காக மலிவாக விற்ற கம்பை, பசி மாதத்தில் கொள்ளை விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். விலை கூடுதலாகக் கிடைக்கிறதென்று தானியம் எல்லை தாண்டி நைஜீரியாவுக்குப் போனது. அந்த ஒரு வருஷத்தில் எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பு 60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த நாலு வயது அக்காவுக்கு வருகிறேன். ஒரே பானைக் கஞ்சியில் ஒன்று விழுந்து இன்னொன்று தப்பியது எப்படி? அவள் மூத்தவள் என்று சொல்லலாம். இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால்? மலாவியிலேயே 317 ஜோடி இரட்டையர்களை மூன்று வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது. நிறைய ஜோடிகளில் ஒன்றுக்கு நோய் வந்தது, மற்றதுக்கு வரவில்லை! குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது என்று கண்டார்கள். ஆகவே "என்ன தாய் இவள், பிள்ளைக்குச் சோறு போடாமல்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். இப்படி ஊர் பழிக்குமே என்று பயந்துதான் அந்தப் பையனின் தாய் இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வைத்திருந்தாள்.

இனி அடையாளங்கள். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி. இது ஒன்றே போதும். எடை பார்க்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். கிளம்புங்கள்!

கை மெலிவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு இடது மேற்கையின் நடுவே சுற்றளவு பாருங்கள். 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் எச்சரிக்கை. 11.5-க்குக் கீழே என்றால் உயிருக்கு ஆபத்து. சுகாதார நிலையங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட நாடா இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். நைஜரில் தாய்மார் கையிலேயே அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

முடி செம்பட்டையாகி உதிர்வது. தோல் கறுத்து உரிவது. பின்புறத்தில் சதை வற்றித் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குவது.

பிள்ளை சிரிக்காமல், விளையாடாமல், எதையும் எட்டிப் பிடிக்காமல் இருப்பது. சமர்த்து என்று நினைக்காதீர்கள்!

பசியே இல்லை என்பது. இதுதான் மோசமான அடையாளம். பட்டினி கிடந்த பிள்ளை சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், உடம்பு உள்ளே கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உடம்பு சில்லிடுவது. காய்ச்சல் இல்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கடுமையான தொற்று இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். சூடு இறங்குவதுதான் அபாயம். கொண்டுபோகும் வழியில் ஈரத்துணியை மாற்றி, தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள். தலைக்கு ஒரு குல்லா போடுங்கள். விழுங்க முடிகிற பிள்ளை என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களே, உங்களுக்கும் உஷார்!

பால்பவுடர் டப்பா வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள்! சுத்தமான தண்ணீர் கிடையாது, புட்டியைக் கொதிக்கவைக்க விறகு கிடையாது. டப்பா தீரும் நிலையில் தாய் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவாள். அதற்குள் அவளுக்குப் பாலும் வற்றியிருக்கும். அதே சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் சிங்கப்பூரில், கைக்குழந்தைக்கு டின் பாலைத் தள்ளுகிற விளம்பரத்தைக் கொலை என்றே மேடையில் சொன்னார். இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று உலக அளவில் விதி வர 1981 ஆயிற்று.

இளைத்த பிள்ளையைக் கண்டதும் இலை நிறையப் பரிமாறாதீர்கள். வற்றிய உடம்பில் திடீரென்று நிறையச் சோறு விழுந்தால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி இதயம் நின்றுபோகலாம். மருத்துவமனையில்கூட முதல் சில நாட்கள் சத்து குறைந்த ஒரு பாலைத்தான் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். இரும்புச்சத்து டானிக்கும் உடனே கூடாது. "டிரிப்ஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நச்சரிக்காதீர்கள். அதிர்ச்சி நிலையில் உள்ள பிள்ளைக்குத்தான் ஏற்றுவார்கள். மற்ற பிள்ளைக்கு ஏற்றினால் பலவீனமான இதயம் தாங்காது.

பசி எடுக்கிற, காய்ச்சல், வீக்கம் போன்ற சிக்கல் இல்லாத பிள்ளைக்கு மருத்துவமனை வாசமே தேவைப்படாது. 1996-ல் ஆந்த்ரே பிரியாண்ட் என்ற பிரெஞ்சு டாக்டரும் மிஷெல் லெஸ்கான் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய நிலக்கடலைப் பசை இருக்கிறது. கடலை, பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், கிருமியும் பெருகாது. 2007 முதல் உலக சுகாதார நிறுவனமே வீட்டில் வைத்து இப்படி வைத்தியம் பார்க்கலாம் என்கிறது. இதைச் சந்தையில் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ஒரு பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கியது அது. வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் தாய் அந்தப் பாக்கெட்டை நாலாகப் பிரித்துவிடுவாள். எந்தத் தாய்தான் பிரிக்க மாட்டாள்? அதனால் அந்த வீட்டுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டால், மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கடலையும் மொச்சையும் எண்ணெயும் வாங்கிக் கொடுங்கள்.

கன்னம் இறங்கியதும், பிள்ளை ஓட ஆரம்பித்ததும், தேறிவிட்டான் என்று பாக்கெட்டை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. கை நாடா பச்சைக்கு வந்து நிலைத்திருக்கிறது என்று சுகாதார ஊழியர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. நிறுத்திய பிறகும் வாராவாரம் கையை அளக்க வேண்டும், கால்களை அழுத்திப் பார்க்க வேண்டும். டிசம்பர் பிறந்துவிட்டால் கட்டாயம்.